மாசிப் பஞ்சமி

சுவிஸில், டீட்டிகோனிலிருந்து எம்மன்புரூக்கேக்கு ரயிலும் பஸ்ஸும் பிடித்துப் போய்ச் சேர ஒன்றரை மணித்தியாலம் ஆகும். என்னுடைய அணியில் ஆடிய சிறீதரனின் தாயாரின் திதிக்காக வருடத்துக்கு ஒருமுறை அந்தப் பயணத்தைச் செய்கிறேன். ஒவ்வொரு முறையும் லுட்சேர்னில் இறங்கியதும் அடுத்த ரயிலில் திரும்பிவிடலாமா என்று யோசிப்பேன். ஒருமுறையும் திரும்பியதில்லை. போவேன், பந்தியில் முதல் ஆளாக இருப்பேன், வடை பாயசத்தோடு சாப்பிடுவேன், கை கழுவிக்கொண்டு வருவேன். வெட்கம் கெட்டவனே என்று என்னை நானே திட்டுவதெல்லாம் திரும்பி வரும் ரயிலில்தான். போகும்போதே திட்டத் தொடங்கினால் சாப்பாடு இறங்காது.

இந்த வருடம் மாசி மாதத்து வளர்பிறைப் பஞ்சமி, பஸ்நாக்ட் செவ்வாய்க்கிழமையில் வந்து விழுந்தது. பஸ்நாக்ட் என்றால், லுட்சேர்ன் பக்கத்துச் சனம் ஒரு கிழமைக்கு வேசம் போட்டு, மேளம் அடித்து, ட்ரம்பெட் ஊதி, தெருவெல்லாம் கடதாசித் துண்டு தூவுகிற கொண்டாட்டம். பஸ்ஸில் கரடி வேசம் போட்ட ஒருவன் என் நரைத்த தலையைக் கண்டு எழும்பி இடம் தந்தான். எனக்கு அறுபத்துமூன்று வயது. கரடிக்கு நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

நான் குகதாசன். தேசிய அணியின் கோச். கல்யாண வீடுகளில் இன்றைக்கும் என்னை அப்படித்தான் அறிமுகம் செய்கிறார்கள். எந்தத் தேசம் என்று பக்கத்தில் நிற்கும் சுவிஸ்காரன் கேட்டால்தான் எல்லோருக்கும் தொண்டை கட்டிக்கொள்ளும்.

இரண்டாயிரத்து எட்டின் முடிவில், நாடில்லாத சனங்களுக்கென்று ஓர் உதைபந்தாட்டக் கிண்ணப் போட்டி நடத்தப்போவதாகச் சிலர் அறிவித்தார்கள். குர்திஷ்காரர் வந்தார்கள், திபெத்தியர் வந்தார்கள், நான் பெயரே கேள்விப்படாத ஆட்களும் வந்தார்கள். எங்களுக்கும் ஓர் அணி வேண்டும் என்றார்கள் எங்கள் ஆட்கள். யாழ்ப்பாண மாவட்ட அணிக்கு ஆடியவன், இங்கே பயிற்சியாளர் டிப்ளோம் எடுத்தவன் என்று என்னைத் தேடிவந்து பிடித்தார்கள். சாமான் களஞ்சியத்தில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தவன் ஒரே நாளில் தேசியப் பயிற்சியாளன் ஆனேன். மனைவி 'தேசியப் பயிற்சியாளர்' என்ற எழுத்துக்களோடு ஒரு ஜக்கெட் தைத்துத் தந்தாள். குளித்த நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அதைப் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

இருபத்திரண்டு பெடியன்களைத் தெரிவுசெய்தேன். தை மாதம் வன்னியில் சண்டை இறுகியது. அதற்குப் பிறகு சனிக்கிழமைப் பயிற்சிக்குப் பதினொரு பேர் வந்தாலே பெரிய காரியம். மற்றவர்கள் ஜெனீவாவில் ஐ.நா. முன்றலில் கொடியோடு நிற்பார்கள். பேர்ணில் இருந்த இருவர் உண்ணாவிரதத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். கோல்காப்பாளன் ஜதுஷன் விடிய விடிய இணையத்தில் செய்தி பார்த்துவிட்டு வந்து, கோல்கம்பத்தில் சாய்ந்து நின்றபடி தூங்குவான். தூங்குகிறவனைப் பந்தால் அடித்து எழுப்பிய கோச் நான்தான்.

ஆட்கள் ஏசாமலும் இல்லை. "அங்க சனம் சாகுது, உங்களுக்கு இங்க பந்து கேக்குதோ?" என்று ஒருவர் போனில் கேட்டார். எனக்குப் பதில் தயாராக இருந்தது. "எங்கட பேரோட ஒரு அணி மைதானத்துக்குள்ள இறங்கிறதும் போராட்டம்தான் அண்ணை" என்பேன். சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மையாகப் பட்டது. இப்போது யோசித்தால் அந்த ஜக்கெட்டைக் கழற்ற மனமில்லை, அவ்வளவுதான்.

பயிற்சியை மிகக் கெடுத்தது போன். ஆடிக்கொண்டிருக்கும்போது கோட்டோரத்தில் ஒரு போன் அடிக்கும். ஒருவன் ஓடிப்போய் எடுப்பான். மாமா போய்விட்டார், அக்காவுக்குக் காயம், ஆஸ்பத்திரியில் செல் குண்டு விழுந்தது என்று ஏதாவது ஒன்று. அவன் புல்லில் குந்திவிடுவான். அவனைச் சுற்றி மற்றவர்கள் குந்துவார்கள். அன்றைய பயிற்சி அதோடு முடிந்துவிடும். அதனால் நான் ஒரு சட்டம் போட்டேன். மைதானத்துக்கு வந்ததும் எல்லாருடைய போனும் என் நீலப் பைக்குள் வரவேண்டும். விளையாட்டு முடிந்த பிறகுதான் கிடைக்கும். அந்தச் சட்டத்தைப் பற்றி எனக்குப் பெரிய பெருமை. மற்ற அணிகளின் கோச்மாருக்கும் அதைச் சொல்லிக் கொடுத்தேன்.

சிறீதரனுக்கு அப்போது இருபத்துமூன்று வயது. நடுக்களத்தில் அவனைப்போல் பந்து கொடுக்கிறவனை நான் எங்கள் ஆட்களில் கண்டதில்லை. பதினேழு வயதில் தனியாக வந்தவன். தகப்பன் இல்லை, கூடப்பிறந்தவர்கள் இல்லை. தாய் இராஜேஸ்வரி மட்டும் வன்னியில். மார்ச் முதலாம் திகதி மாத்தளனிலிருந்து யாருடையதோ சாட்டிலைட் போனில் அவனோடு இரண்டு நிமிடம் கதைத்தார். அதன் பிறகு ஒன்றுமில்லை. ஆனாலும் அவன் ஒரு பயிற்சியையும் தவறவிடவில்லை. "பந்து காலில நிக்கேக்கதான் அண்ணை எனக்கு மூச்சு வருது" என்று ஒருநாள் சொன்னான். அதையும் என்னுடைய திறமை என்றே எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் இருபத்தாறு, ஞாயிற்றுக்கிழமை. எம்மன்புரூக்கேயில் குர்திஷ்காரரோடு ஆட்டம். வென்றால் இறுதிச் சுற்று. ஒன்றுக்கு ஒன்று. அறுபத்தெட்டாவது நிமிடம் என் காலடியில் இருந்த நீலப் பை அதிர்ந்தது. சட்டப்படி நான் பார்க்கக்கூடாது. பார்த்தேன். சிறீதரனின் நோக்கியா. 00882 என்று தொடங்கும் இலக்கம். அது சாட்டிலைட் போன் என்று அந்த நாட்களில் எங்கள் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

எடுத்தேன். "தம்பி சிறீயோ?" என்றது ஒரு பெண்குரல். "இல்லையம்மா, நான் கோச். அவன் விளையாடிக்கொண்டு நிக்கிறான். அரை மணித்தியாலத்தால எடுங்கோ" என்றேன். லைன் கட்டாகிவிட்டது.

எனக்கு ஒரு மாற்று ஆள் மிச்சம் இருந்தான். கையைத் தூக்கியிருந்தால் அரை நிமிடத்தில் சிறீதரன் கோட்டுக்கு வெளியே வந்திருப்பான். ஆனால் அவன் இல்லாமல் நடுக்களம் இல்லை. திரும்ப எடுப்பார்தானே என்று நினைத்தேன். எண்பத்தோராவது நிமிடம் பெனால்டி கிடைத்தது. அவன்தான் அடித்தான். வென்றோம். பெடியன்கள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்த நேரத்தில் நான் பைக்குள் கைவிட்டு, அவனுடைய போனிலிருந்து அந்த இலக்கத்தை அழித்தேன். கண்டால் இடிந்துபோவான், இறுதிச் சுற்றுக்கு வரமாட்டான் என்று பயந்தேன். இதை எந்த விதத்தில் சொன்னாலும் அசிங்கமாகத்தான் இருக்கிறது.

அந்தப் போன் பிறகு அடிக்கவில்லை. மூன்று கிழமையில் எல்லாம் முடிந்தது. இறுதிச் சுற்றுக்கு நாங்கள் போகவும் இல்லை. போவதற்கு அணி என்று ஒன்று மிஞ்சவில்லை.

சிறீதரன் இரண்டு வருடம் தேடினான். முகாம் பட்டியல், செஞ்சிலுவைச் சங்கம், வவுனியா ஆஸ்பத்திரி என்று ஒன்றையும் விடவில்லை. மாத்தளனில் தாயிருந்த பதுங்குகுழியில் மார்ச் இரண்டாம் திகதி செல் விழுந்ததாக ஓர் ஊர்க்காரர் சொன்னார். அதற்குப் பிறகு தாயைக் கண்டவர் எவரும் கிடைக்கவில்லை. கடைசியில் ஐயரைக் கூப்பிட்டுக் கேட்டான். திகதி தெரியாதவர்களுக்கு எங்கள் சனம் அந்த நேரத்தில் ஒரு வழி வைத்திருந்தது. "கடைசியாக் குரல் கேட்ட நாளைத் திதியா வையும் தம்பி" என்றார் ஐயர். பஞ்சாங்கத்தைப் புரட்டி, மார்ச் முதலாம் திகதி மாசி மாதப் பூர்வபக்கப் பஞ்சமி என்று எழுதிக் கொடுத்தார். நானும் அந்த அறையில்தான் இருந்தேன். எனக்குத் தேத்தண்ணீர் தந்தார்கள், குடித்தேன். இல்லை, மாசியில் அவர் உயிரோடு இருந்தார், சித்திரையில் என்னோடு கதைத்தார் என்று சொல்ல ஒரு வாய் போதும். அந்த வாயால் தேத்தண்ணீருக்குச் சீனி காணாது என்றேன்.

இந்த வருடத்துத் திதி பதினைந்தாவது.

கதவைத் திறந்தது அவனுடைய மகள் அக்‌ஷயா. பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடப் பஸ்நாக்டுக்கு முகத்தில் பூனைமீசை வரைந்திருந்தாள். "ஐயர் வரமுதல் முகத்தைக் கழுவு எண்டு எத்தினை தரம் சொல்லுறது?" என்று குசினியிலிருந்து அவள் தாய் ரிஷானி சத்தம் போட்டாள். வாழைக்காய் பொரிகிற மணம் வாசல்வரை வந்தது. விறாந்தையில் இராஜேஸ்வரி அம்மாவின் படம் மாலையோடு இருந்தது. அந்தப் படத்தின் கண்ணை நான் பார்ப்பதில்லை. மாலையைத்தான் பார்ப்பேன்.

ஊர்வலத்தால் வீதியை மறித்துவிட்டார்கள், ஐயர் பிந்தித்தான் வருவார் என்றான் சிறீதரன். அவனுக்கு இப்போது முப்பத்தொன்பது வயது, தொழிற்சாலையில் ஷிப்ட் பொறுப்பாளர். லீவு எடுத்திருந்தான். தர்ப்பையைப் பிரித்து அடுக்கிக்கொண்டே, பத்திரிகைச் செய்தி சொல்வதுபோல் சொன்னான்.

"போன கிழமை லண்டனில இருந்து ஒரு மனிசி போன் எடுத்தது அண்ணை. திரேசாவாம் பேர். அம்மாவும் தானும் சித்திரை மாசம் முழுக்க ஒரே பங்கருக்குள்ள இருந்தவையாம். என்ரை நம்பரை இப்பதான் ஆரோ குடுத்தவையாம்."

"நீ என்ன சொன்னனீ?" என்று கேட்டேன்.

"என்ன சொல்லுறது? அம்மா மாசியிலயே போட்டா. செத்த ஆக்களின்ரை பேரைச் சொல்லிக்கொண்டு இப்பிடி எத்தினை பேர் வந்திட்டினம். முந்தியும் ரெண்டு பேர் காசு வாங்கி ஏமாத்தினவைதானே. திரும்பத் திரும்ப மூண்டு தரம் எடுத்தது. நல்லா ஏசிப்போட்டு புளொக் பண்ணிட்டன்."

"வேற ஏதும் சொன்னதோ?"

"சொல்ல விட்டால்தானே. ஏனண்ணை வேர்க்குது உங்களுக்கு? யன்னலைத் திறக்கட்டோ?"

யன்னலைத் திறந்தான். கீழே ட்ரம்பெட் கோஷ்டி ஒன்று சுருதி சேராமல் ஊதிக்கொண்டு போனது. இதுவரை என் பயமெல்லாம் என்னைப் பற்றியதுதான். தெரிந்தால் சிறீதரன் என்ன நினைப்பான், ஆட்கள் என்ன கதைப்பார்கள் என்ற பயம். அந்த மனிசி சொன்னது உண்மை என்று இந்த உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் நான் என்பது அந்தக் கதிரையில் இருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. தாயைக் கடைசிவரை கண்ட சாட்சியை அவன் ஏசித் துரத்தியிருக்கிறான். நான் வாய் திறக்காவிட்டால் அவள் நாலாம் தரம் எடுக்கப்போவதில்லை.

அப்போதும் நான் சொல்லவில்லை. திதி முடியட்டும், சாப்பிட்ட பிறகு தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். இப்படி நினைப்பதில் எனக்குப் பதினாறு வருடப் பழக்கம்.

ஐயர் தலைமயிரில் ஒட்டிய கடதாசித் துண்டுகளோடு வந்து சேர்ந்தார். சிறீதரன் வேட்டி கட்டிக்கொண்டு நிலத்தில் இருந்தான். விரலில் பவித்திரம் போட்டார்கள். எள்ளும் தண்ணீரும் பக்கத்தில் இருந்தன. ஐயர் சங்கற்பம் சொல்லத் தொடங்கினார். மாசி மாதம் என்றார். பூர்வபக்கம் என்றார். பஞ்சமி என்றார். தாயின் பெயரைச் சொல்லச் சொன்னார். "இராஜேஸ்வரி" என்றான் சிறீதரன், ஒவ்வொரு வருடமும் சொல்வதுபோல் மெதுவாக. அந்தப் பெயரைக் கேட்டதும் நான் எழும்பிவிட்டேன்.

"நிப்பாட்டுங்கோ ஐயா. இண்டைக்கு இல்லை" என்றேன்.

ஐயர் நிமிர்ந்து பார்த்தார். ரிஷானி அகப்பையோடு குசினி வாசலுக்கு வந்தாள். எனக்கு உடம்புக்கு ஏதும் செய்கிறதென்று நினைத்துச் சிறீதரன் எழும்பப் போனான். நின்றபடியே சொன்னேன். நீலப் பை, அறுபத்தெட்டாவது நிமிடம், 00882, மிச்சமிருந்த மாற்று ஆள், அழித்த இலக்கம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இதைத் தூக்கிக்கொண்டா இவ்வளவு காலம் திரிந்தேன் என்றிருந்தது.

"எத்தினையாம் திகதி?" என்றான்.

"ஏப்ரல் இருபத்தாறு. குர்திஷ் மட்ச்."

"அம்மாதானோ?"

"தம்பி சிறீயோ எண்டு கேட்டவ."

அவன் தலையை ஆட்டினான். தாய் அவனை அப்படித்தான் கூப்பிடுவாராக்கும். "வேற என்ன சொன்னவ?"

"லைன் கட்டாயிட்டுது சிறீ."

அவன் விரலிலிருந்து பவித்திரத்தைக் கழற்றித் தட்டில் வைத்தான். "இண்டைக்கு வேண்டாம் ஐயா. குறை நினையாதேங்கோ" என்றான். எழும்பிப்போய்ப் படத்திலிருந்த மாலையை எடுத்தான். எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்சநேரம் கையில் வைத்துக்கொண்டு நின்று, பிறகு மகளிடம் கொடுத்தான். போனை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினான்.

கண்ணாடிக்குள்ளால் அவனுடைய முதுகுதான் தெரிந்தது. முதலில் அவன் கதைத்தான். பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டு நின்றான். ஒருமுறை கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். ரிஷானி என்னை இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து பிள்ளையை அணைத்துக்கொண்டு இருந்தாள். ஐயர் எள்ளைத் திரும்பப் பொட்டலமாகக் கட்டினார். செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவிடலாமா என்று நான் யோசித்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சிறீதரன் உள்ளே வந்து எனக்கு முன்னால் நிலத்தில் இருந்தான். ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"மே பன்ரெண்டு வரைக்கும் அம்மா தன்னோட இருந்தவவாம்" என்றான். "அதுக்குப் பிறகு நடந்ததைப் போனில சொல்லேலாதாம். என்னை அங்க வரட்டாம்." போனைக் கவிழ்த்து நிலத்தில் வைத்தான். "நான் பேரைச் சொன்ன உடன அந்த மனிசி கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமோ அண்ணை? அம்மா வரிசையில நிண்டு எடுத்த போன் உமக்குக் கிடைச்சதோ எண்டு. மத்தியானத்தில இருந்து நிண்டவவாம். திரும்பி வந்து பங்கருக்குள்ள எல்லாருக்கும் சொன்னவவாம், மகன் விளையாடிக்கொண்டு நிக்கிறான், குழப்பக்கூடாதெண்டு வச்சிட்டன் எண்டு. லைன் கட்டாகேல்லைப்போல கிடக்கு."

லைன் கட்டாகவில்லை. சற்று முன் இங்கே எழுதியபோதும் நான் பொய்தான் சொன்னேன். அந்த ஒன்றை மட்டும் எனக்கு நானே சொல்லிக்கொள்வதுகூட இல்லை. இப்போது அவனுக்குச் சொன்னேன்.

"அரை மணித்தியாலத்தால எடுங்கோ எண்டன். இது எங்கட போன் இல்லைத் தம்பி, பின்னால ஆக்கள் நிக்கினம் எண்டவ. நான் பேசாமல் நிண்டன். பிறகு அவவே சொன்னவ, பறவாயில்லை, விளையாடட்டும் எண்டு. வச்சிட்டா."

"விளையாடட்டும் எண்டு சொன்னவவோ?"

"ஓம்."

அவனுடைய முகம் ஒருமுறை கோணிப் பிறகு சரியானது. அக்‌ஷயா மாலையோடு அவனுக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள். பூனைமீசை இன்னும் முகத்தில் இருந்தது. அவன் என்னுடைய முழங்காலில் கைவைத்தான்.

"குரல் எப்பிடி இருந்தது அண்ணை? களைச்சுப்போய் இருந்ததோ, இல்லாட்டிச் சந்தோசமாச் சொன்னவவோ? எனக்கு அம்மான்ரை குரல் மறந்துபோச்சு. யோசிச்சு யோசிச்சுப் பாக்கிறன், வருதில்லை. நீங்கள் கடைசியாக் கேட்டனீங்கள்."

கண்ணை மூடி யோசித்தேன். எல்லாம் வந்தது. ஜதுஷன் கோட்டைவிட்டு ஆறடி முன்னால் நின்றான். இடதுபக்கக் காப்பாளன் ஏறிப்போய் இன்னும் திரும்பவில்லை. குர்திஷ்காரரின் பத்தாம் இலக்கம் நொண்டத் தொடங்கியிருந்தது. நடுவட்டத்துக்குப் பக்கத்தில் சிறீதரன் கையைத் தூக்கிப் பந்து கேட்டான். இருபத்திரண்டு பேரும் நின்ற இடத்தை இப்போதும் என்னால் கீறிக் காட்டமுடியும்.

"தெரியேல்லைச் சிறீ" என்றேன். "நான் பந்தைப் பாத்துக்கொண்டு நிண்டன்."